கேப்டன் நேப்பரின் ஊரும் நாமும்

சிகாகோ என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது 1893-ல் சுவாமி விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை. அடுத்தது குளிர். கடந்த முப்பது, நாற்பது வருஷங்களாக இந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: "பையன் சிகாகோலே இருக்கான்." அந்தப் பையனையே கூப்பிட்டு விசாரித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கும். அவன் சிகாகோவில் இருக்க மாட்டான். நேப்பர்வில், அரோரா, லைல், ஷாம்பர்க் என்று ஏதாவதொரு புறநகரின் பெயரைச் சொல்வான். சிகாகோவுக்கு எப்போது போவான் என்றால், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஏரியையும் உயரமான கட்டிடங்களையும் காட்டுவதற்குப் போவான்!

நம் கல்லூரி நண்பர்கள் பலர் இந்தப் பக்கம்தான் குடியேறியிருக்கிறோம். அடியேன் இருப்பது நேப்பர்வில்லில். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, விடுதிச் சாப்பாடு, வாத்தியார்களின் பட்டப்பெயர் எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. அதனால், நம்மில் பலர் வாழ்நாளில் பாதியைக் கழித்த இந்த ஊரின் சரித்திரத்தை எழுதுகிறேன். சரித்திரமா, அமெரிக்கப் புறநகருக்கா என்று சிரிக்காதீர்கள். ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி புல்வெளி, ஒரே மாதிரி கடைகள் என்றுதான் நானும் வந்த புதிதில் கேள்விப்பட்டேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் நேப்பர்வில்லின் சரித்திரம் முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னால் வந்தவன் பின்னால் வருகிறவனை என்ன செய்தான்? கதவைத் திறந்தானா, சாத்தினானா?

படகோட்டி வாங்கிய ஊர்

சிகாகோவுக்கு மேற்கே சுமார் 30 மைல் தூரத்தில், டுபேஜ் என்ற சிற்றாற்றின் மேற்குக் கிளையின் கரையில் இருக்கிறது நேப்பர்வில். 1831 கோடையில் ஜோசப் நேப்பர் என்ற ஏரிக் கப்பல் கேப்டனும் அவருடைய தம்பி ஜானும் ஒஹாயோ மாநிலத்தின் ஆஷ்டபூலாவிலிருந்து சில குடும்பங்களை அழைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினார்கள். பெய்லி ஹாப்சன் என்பவர் அதற்குச் சில மாதங்கள் முன்பே அருகில் வந்துவிட்டார். அவர் மாவு அரைக்கும் ஆலை போட்டார். நேப்பர் மரம் அறுக்கும் ஆலையும் கடையும் போட்டார். ஊர் பிறந்தது இப்படித்தான்.

ஆனால் அது யாரும் இல்லாத காடு இல்லை. பொட்டவட்டோமி என்ற பழங்குடி மக்களின் பூமி. 1832-ல் சாக் குலத் தலைவர் பிளாக் ஹாக் அமெரிக்க அரசோடு போர் தொடங்கியபோது, ஷாப்பனா என்ற பொட்டவட்டோமித் தலைவர் குதிரை மேலேறி வட இல்லினாய்ஸ் குடியேற்றங்களுக்கெல்லாம் போய், "ஆபத்து வருகிறது, தப்பித்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரித்தார். நேப்பர் குடியேற்றத்து ஜனங்கள் சிகாகோவிலிருந்த டியர்பார்ன் கோட்டைக்கு ஓடிப் பிழைத்தார்கள். பிறகு திரும்பி வந்து ஃபோர்ட் பெய்ன் என்ற மரக்கோட்டை கட்டிக்கொண்டார்கள். அதன் மாதிரியை இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அதற்கு அடுத்த வருஷமே, 1833-ல், சிகாகோ உடன்படிக்கை கையெழுத்தாகி, பொட்டவட்டோமிகள் தங்கள் நிலத்தை விட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போக வேண்டியதாயிற்று. எச்சரித்துக் காப்பாற்றிய ஷாப்பனாவுக்காவது நியாயம் கிடைத்ததா? 1829-ஆம் வருஷத்து உடன்படிக்கையிலேயே அவருக்கென்று 1,280 ஏக்கர் ஒதுக்கியிருந்தது, நேப்பர்வில்லுக்கு மேற்கே, இன்றைய டிகால்ப் மாவட்டத்தில். அவர் தம் உறவினர்களைப் பார்க்கக் கான்ஸஸ் பக்கம் போயிருந்த நேரத்தில், 1849 வாக்கில், அந்த நிலத்தை அரசாங்கமே ஏலம் போட்டு விற்றுவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் அவருடைய வீட்டில் வேறு ஆள் குடியிருக்கிறான். எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. 2024 ஏப்ரலில் அந்த இடத்தில் சுமார் 130 ஏக்கரை மத்திய அரசு பொட்டவட்டோமி மக்களின் பிரெய்ரி பாண்ட் பிரிவுக்காக அறக்கட்டளை நிலமாக ஏற்றுக்கொண்டது. இன்றைய இல்லினாய்ஸ் மாநிலத்தில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஒரு பழங்குடி தேசத்தின் நிலம் என்று சொல்ல முதன்முதலாகக் கிடைத்த இடம் அதுதான். விற்று 175 வருஷம் கழித்து!

நம் பிள்ளைகள் பலர் படித்த 204-ஆம் எண் பள்ளி மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு வாபான்சி, நியூக்வா, மெட்டியா என்று பெயர். வாபான்சியும் மெட்டியாவும் பொட்டவட்டோமித் தலைவர்கள். ஆளை அனுப்பிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்ட ஊர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் பொறுப்பு.

ரயிலைத் தவறவிட்ட கதை

1839-ல் டுபேஜ் என்று தனி மாவட்டம் பிரிந்தபோது நேப்பர்வில் அதன் தலைநகரானது. நேப்பர் அப்போது மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அதே சபையில் இளம் வக்கீல் ஆபிரகாம் லிங்கனும் உறுப்பினர். 1842-ல் நேப்பர் தெருக்களுக்கு அளந்து வரைபடம் போட்டார். 1857-ல் ஊர் கிராம சபையாகப் பதிவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. வண்டிகள் தங்கிப் போகிற சத்திரம், கடை, நீதிமன்றம் எல்லாம் உள்ள பெரிய ஊர் இதுதான்.

பெரிய ஊர் என்ற நினைப்புதான் வினையாயிற்று. சிகாகோவிலிருந்து புறப்பட்ட முதல் ரயில்பாதை 1849-ல் இந்தப் பக்கம் வந்தபோது, ஊர்ப் பெரியவர்கள் பலகை பாவிய வண்டிச்சாலையில் பணம் போட்டிருந்தார்கள். ரயில் வந்தால் சாலை வருமானம் என்ன ஆவது? பக்கத்தில் வீட்டன் என்ற சகோதரர்கள் தங்கள் நிலத்தை ரயிலுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். ரயில் அந்தப் பக்கம் போயிற்று. பலகைச் சாலை சில வருஷத்தில் உளுத்துப் போயிற்று. நேப்பர்வில்லுக்கு ரயில் வர 1864 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் வீட்டன் வளர்ந்துவிட்டது. 1867-ல் மாவட்டத் தலைநகர் எது என்று வாக்கெடுப்பு நடந்து, மிகக் குறைந்த வித்தியாசத்தில் வீட்டன் ஜெயித்தது. நேப்பர்வில்காரர்கள் ஆவணங்களைக் கொடுக்க மறுத்தார்கள். 1868 ஜூலையில் ஒரு நாள் ராத்திரி வீட்டன் ஆட்கள் கும்பலாக வந்து நீதிமன்றத்துக்குள் புகுந்து, பதிவேடுகளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவற்றைப் பத்திரமாக இருக்கட்டும் என்று சிகாகோவுக்கு அனுப்பினார்கள். 1871-ல் சிகாகோ நகரமே பற்றி எரிந்தபோது அவையும் சாம்பலாயின. மாரியாத்தா கோவில் திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரன் தேர்வடத்தைத் தூக்கிக்கொண்டு போன கதை மாதிரி இல்லை? இப்போதும் இரண்டு ஊர்க்காரர்களும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தலைநகர் போன ஊர் அப்புறம் வேறு வழியில் நிமிர்ந்தது. 1830, 40-களிலிருந்தே ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. பென்சில்வேனியாவிலிருந்தும் வந்தார்கள், ஐரோப்பாவின் அல்சேஸ் பகுதியிலிருந்து நேராகவும் வந்தார்கள். அவர்களுக்கென்று தனிச் சர்ச், தனிப் பள்ளி, ஜெர்மன் மொழியிலேயே பிரசங்கம். "இவங்க எப்போ இங்கிலீஷ் பேசப் போறாங்க?" என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள். அவர்கள் சர்ச் நடத்திய கல்லூரி 1870-ல் பிளெய்ன்ஃபீல்டிலிருந்து இங்கே மாறி வந்தது. இன்று நார்த் சென்ட்ரல் கல்லூரி என்ற பெயரில் ஊரின் நடுவில் இருப்பது அதுதான். கல் குவாரி, பியர் வடிசாலை, நாற்றங்கால் பண்ணை எல்லாமே பெரும்பாலும் ஜெர்மானியர் கையில்தான். பிற்காலத்தில் கொலராடோவில் பெரும் பியர் நிறுவனம் தொடங்கிய அடால்ஃப் கூர்ஸ், அதற்கு முன் இங்கே ஸ்டெங்கர் வடிசாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர்.

ரயில் ஓரத்தில் சோபா, நாற்காலி செய்யும் தொழிற்சாலை எழுந்தது. அதில் குமாஸ்தாவாகச் சேர்ந்த பீட்டர் கிரேலர் பிறகு அதற்கே முதலாளியாகி, நாட்டின் மிகப் பெரிய மரச்சாமான் நிறுவனங்களில் ஒன்றாக வளர்த்தார். ஊரில் பாதிப் பேருக்குச் சம்பளம் அங்கேதான் என்கிற நிலைமை பல காலம் இருந்தது. 1900-ல் மக்கள்தொகை 2,629. 1950-லும் 7,013-தான். நம்ம பக்கத்து ஒரு பெரிய கிராமம், அவ்வளவே.

ஊர் கூடி இழுத்த தேர்

இந்தச் சின்ன ஊர் செய்த நாலு காரியங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது நூலகம். கல்லூரியில் வணிகம் கற்பித்த ஜேம்ஸ் நிக்கல்ஸ் என்பவர் வியாபார வழிகாட்டிப் புத்தகம் எழுதிப் பணம் சம்பாதித்தார். இறக்கும்போது ஊருக்கு நூலகம் கட்ட 10,000 டாலர் எழுதிவைத்தார். 1898-ல் அது திறந்தது. ஊர் பெருத்ததும் 1986-ல் பெரிய கட்டிடத்துக்கு மாறியது. பெயர் மட்டும் இன்றும் நிக்கல்ஸ் நூலகம்தான். வேலை போன காலத்தில் நம்மில் பலர் பகல் முழுக்க உட்கார்ந்து விண்ணப்பம் எழுதியது அங்கேதான்.

இரண்டாவது நீச்சல் குளம். 1931-ல் ஊருக்கு நூறு வயது. நாடே பொருளாதார மந்தத்தில் மூழ்கியிருந்த நேரம். ஜனங்கள் கையிலிருந்ததைப் போட்டு, பழைய கல் குவாரியை வாங்கிச் சுத்தம் செய்து, நீர் நிரப்பி, மணல் கொட்டி, சென்டென்னியல் பீச் என்று பெயர் வைத்தார்கள். கடல் இல்லாத ஊரில் கடற்கரை! இன்றும் கோடையில் குழந்தைகள் அங்கேதான் கும்மாளம் போடுகிறார்கள்.

மூன்றாவது சந்தோஷமான விஷயம் இல்லை. 1946 ஏப்ரல் 25, மத்தியானம். நேப்பர்வில்லில் எதிர்பாராமல் நின்றுவிட்ட ஒரு விரைவு ரயிலின் மேல், அதே பாதையில் சில நிமிடம் பின்னால் வந்த இன்னொரு விரைவு ரயில் மோதியது. 45 பேர் இறந்தார்கள். விபத்து நடந்த இடம் கிரேலர் தொழிற்சாலைக்குப் பக்கம். தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், கல்லூரி மாணவர்கள் ஓடி வந்தார்கள். தொழிற்சாலையே ஆஸ்பத்திரி மாதிரி ஆயிற்று. ரயிலில் இருந்தவர்கள் யாரும் ஊர்க்காரர்கள் இல்லை, வழிப்போக்கர்கள். அவர்களுக்காக ஒரு ஊரே ஓடியது. இந்த விபத்துக்குப் பிறகுதான், தானியங்கிப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத பாதையில் பயணி ரயில் மணிக்கு 79 மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற விதி அமெரிக்கா முழுக்க வந்தது. 2014-ல் ரயில் நிலையம் அருகே ஒரு நினைவுச் சிலை வைத்தார்கள். பழைய தண்டவாள ஆணிகளை உருக்கி ஒட்டிச் செய்தது. பிணமாகக் கிடக்கிறவர் யாரும் அதில் இல்லை. தூக்கி நிறுத்துகிறவர்களும் தூக்கிவிடப்படுகிறவரும்தான் இருக்கிறார்கள்.

நான்காவது ஆற்றங்கரை நடைபாதை. 1981-ல் 150-ஆவது ஆண்டு நிறைவுக்காக, பாழாய்க் கிடந்த ஆற்றோரத்தைச் செங்கல் பாவி, மரம் நட்டு, ஊர்ஜனங்கள் தாங்களே உழைத்துத் தொடங்கியது. ஊருக்கு இன்று அடையாளமே அதுதான். அதன் ஓரத்தில் 2000-ல் எழுந்த கோபுரத்தில் 72 மணிகள். மாலையில் அந்த மணி ஓசை கேட்டுக்கொண்டு நடக்கும்போது வேட்டி கட்டிய ஒரு தாத்தாவை, ஊரிலிருந்து வந்த யாருடைய அப்பாவையோ, எதிரில் பார்ப்பது இப்போது யாருக்கும் அதிசயமில்லை.

டெலிபோன் வந்தது, நாமும் வந்தோம்

1958-ல் ஊருக்கு வடக்கே சுங்க விரைவுச்சாலை திறந்தது. ரயிலைத் தவறவிட்ட ஊர் இந்த முறை சாலையைத் தவறவிடவில்லை. 1966-ல் சாலை ஓரத்தில் பெல் லேப்ஸ் தன் இண்டியன் ஹில் ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்தது. டெலிபோன் இணைப்பகங்களை மின்னணு முறைக்கு மாற்றும் வேலை. 1982-ல் இல்லினாய்ஸின் செனிக்கா என்ற சிற்றூரில் முதன்முதலாக ஓடத் தொடங்கிய 5இஎஸ்எஸ் என்ற பிரபலமான டிஜிடல் இணைப்பகம் இங்கே உருவானதுதான். அமோகோ எண்ணெய் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடமும் வந்தது.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றி ஆசியர்களுக்கு வாசலைத் திறந்தது 1965. பெல் லேப்ஸ் இங்கே வாசலைத் திறந்தது 1966. பொறியியல் படித்த நம்மவர்களுக்கு இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்த மாதிரி ஆயிற்று. முதலில் ஒன்றிரண்டு பேர், பிறகு ஒவ்வொரு பேட்சிலிருந்தும் ஆட்கள். இன்னொரு சுவாரசியமும் உண்டு. பக்கத்து ஊரான டௌனர்ஸ் குரோவில் வெஸ்காம் ஸ்விட்சிங் என்ற இணைப்பகக் கம்பெனியை வளர்த்தவர் சாம் பிட்ரோடா. அந்த அனுபவத்தோடு இந்தியா திரும்பி, 1984-ல் தொடங்கிய சி-டாட் நிறுவனத்துக்கு அடித்தளம் போட்டார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் நம்ம தெருமுனைகளில் முளைத்த மஞ்சள் எழுத்து எஸ்டிடி பூத்துக்கும் இந்தச் சோளக் காட்டுக்கும் ஒரு தொப்புள்கொடி உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் கட்டணம் குறைவு என்று அம்மா காத்திருந்து பேசியதெல்லாம் ஞாபகம் வருகிறதா?

பிறகு வந்த வளர்ச்சியைக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். 1960-ல் 12,933 பேர். 1980-ல் 42,000-க்கு மேல். 1990-ல் 85,351. 2000-த்தில் 1,28,358. பத்து வருஷத்துக்கொரு முறை இரட்டிப்பு என்று இருபது, முப்பது வருஷம் ஓடியது. சோளமும் சோயாவும் விளைந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள். ஹாரல்டு மோசர் என்ற உள்ளூர்க்காரர் ஆயிரக்கணக்கில் வீட்டுமனை போட்டார். 1989-ல் அட்லாண்டிக் பத்திரிகையில் நிக்கலஸ் லெமன் எழுதிய நீண்ட கட்டுரை, புது மாதிரிப் புறநகர் வாழ்க்கைக்கு உதாரணமாக நேப்பர்வில்லைத்தான் எடுத்துக்கொண்டது.

இத்தனை வீடு முளைத்தால் பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் எங்கே போவது? மனை போடுகிறவர்தான் அதற்கு நிலமோ பணமோ கொடுக்க வேண்டும் என்று நகரசபை சட்டம் போட்டது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1977-ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் ஊர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று நம் பிள்ளைகள் நடந்து போகிற தூரத்தில் பள்ளியும் பூங்காவும் இருக்கின்றன என்றால், நாம் வருவதற்கு முன்பே யாரோ நமக்காகக் கோர்ட் வாசலில் நின்றதுதான் காரணம்.

வளர்ச்சியைக் கண்டு பழைய ஊர்க்காரர்கள் பயந்ததும் உண்டு. 1864-ல் கட்டிய ஒரு சர்ச் இடிபடப் போகிறது என்றதும், 1969-ல் பாரம்பரியச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, அதைப் பெயர்த்து எடுத்துப் போய்க் காப்பாற்றினார்கள். இன்று நேப்பர் செட்டில்மெண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அதே 1969-ல்தான் சிகாகோ தமிழ்ச் சங்கமும் தொடங்கியது. ஒருத்தர் பயம் ஊர் போய்விடுமோ என்று. மற்றவர் பயம் மொழி போய்விடுமோ என்று. இரண்டு சங்கமும் நிலைத்துவிட்டன. தமிழ்ச் சங்கத்தின் பொன்விழா வருஷமான 2019-ல் பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு ஷாம்பர்க்கில் நடந்ததே, நம் நண்பர்கள் பலர் கார் ஓட்டியும் சாம்பார் வாளி தூக்கியும் வேலை செய்தார்களே!

கோவில்களும் அப்படியே. 1986-ல் லெமாண்ட் குன்றின் மேல் ராமர் கோவிலும், அரோராவில் பாலாஜி கோவிலும் குடமுழுக்குக் கண்டன. பனிக்காலத்தில் கோபுரத்தின் மேல் வெள்ளை வெளேரென்று பனி படிந்து நிற்பதைப் பார்த்தால், மார்கழி என்ற வார்த்தைக்கே வேறு அர்த்தம் தெரியும்.

2001-ல் தொலைத்தொடர்புத் துறை சரிந்தது. பெல் லேப்ஸ் அப்போது லூசெண்ட் ஆகியிருந்தது, ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. பின்னால் அல்காடெல் ஆகி, 2016-ல் நோக்கியா ஆயிற்று. அந்த ரெண்டு மூணு வருஷம் எங்கள் தெருவில் விற்பனைப் பலகை இல்லாத வரிசையே கிடையாது. அப்போது நம்மவர்கள் ஒருவருக்கொருவர் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்ததையும், ஒருவர் விண்ணப்பத்தை மற்றவர் தன் கம்பெனியில் சேர்த்ததையும் பார்த்தவன் நான். ஆனால் பக்கத்து வீட்டு ஜெர்மன் வம்சத்துப் பாட்டி, எங்களில் ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் ஒன்றும் கேட்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சாத்திய கதவுகள்

இவ்வளவும் நல்ல பக்கம். மறு பக்கத்தை விட்டுவிட்டால் அது சரித்திரம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

நமக்குக் கதவு திறந்த அதே காலத்தில் வேறு சிலருக்கு அது திறக்கவில்லை. டுபேஜ் மாவட்டத்தின் நில மண்டல விதிகள் ஏழைகளையும் கறுப்பினத்தவரையும் வெளியே நிறுத்துகின்றன என்று ஹோப் என்ற வீட்டுவசதி அமைப்பு 1971-ல் வழக்குப் போட்டது. பெரிய பெரிய மனைகளாகத்தான் போடலாம் என்றால், சின்னச் சம்பளக்காரன் எங்கே வீடு வாங்குவான்? இதுதான் அதன் வாதம். பத்து வருஷம் கழித்து, 1981-ல், கீழ் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுத்தவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டது. விதிகள் நியாயமானவை என்று அது சொல்லவில்லை. கேட்க உனக்கு உரிமை இல்லை என்றது.

நம்மில் பலர் பட்டமும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு வந்ததால் அந்தக் கதவு சாத்தியிருந்ததே தெரியவில்லை. "கஷ்டப்பட்டு முன்னேறினோம்" என்று நாம் சொல்வது பொய்யில்லை. ஆனால் யார் யாருக்கு எந்தக் கதவு திறந்திருந்தது என்ற கணக்கையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

2020 மக்கள்தொகைக் கணக்குப்படி நேப்பர்வில்லில் 1,49,540 பேர். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். அதாவது, நண்பர்களே, நாம் இப்போது புதிதாக வந்தவர்கள் இல்லை. முன்னால் வந்தவர்கள் ஆகிவிட்டோம். கேள்வி இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது.

248-ஆவது அவென்யூவில் மசூதி கட்ட இஸ்லாமிய மையம் அனுமதி கேட்டபோது பல மாதங்கள் விசாரணைக் கூட்டங்கள் நடந்தன. போக்குவரத்து, வாகன நிறுத்தம், உயரம் என்று எத்தனையோ ஆட்சேபங்கள். 2021 ஜனவரியில் நகரசபை அனுமதி கொடுத்தது. கோவில் கட்டும்போது நம்மிடம் கேட்ட கேள்விகள்தான் அவை என்று நம்மில் வயதானவர்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் எழுந்து நின்று சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

இன்னொன்று வீட்டுவசதி. சாதாரணச் சம்பளத்தில் சமாளிக்கக்கூடிய வீடுகள் 10 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஊர்கள் என்று மாநில அரசு 2018-ல் வெளியிட்ட பட்டியலில் நேப்பர்வில்லும் இருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்த இளம் ஆசிரியையும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸும், கோவில் மடைப்பள்ளியில் சமைக்கிறவரும் இந்த ஊரில் குடியிருக்க முடியாமல் நாற்பது நிமிஷம் கார் ஓட்டி வந்து போகிறார்கள். அடுக்குமாடி வீடு வரப் போகிறது என்றால் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நம் பெயர்களும் நிறைய இருக்கின்றன. "பள்ளிக்கூடத் தரம் போயிடும், வீட்டு விலை குறைஞ்சிடும்" என்று பேசுகிற குரலில் நம்ம ஊர் உச்சரிப்பும் கேட்கிறது. பலகைச் சாலையில் போட்ட பணத்தைக் காப்பாற்றப் போய் ரயிலையே இழந்த பெரியவர்களின் கதை எனக்கு அப்போதெல்லாம் ஞாபகம் வருகிறது. இருக்கிறதைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வரப்போவதைத் துரத்திவிடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

கணக்கைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. 2000-த்துக்குப் பிறகு ஊரின் வளர்ச்சி மெதுவாகிவிட்டது. பரப்பதற்கு வெறும் நிலம் அதிகமில்லை. இனி வளர்ச்சி என்றால் இருக்கிற இடத்தில் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பதுதான்.

நாம் விட்டுப் போவது

நிக்கல்ஸ் நூலகம் கொடுத்தார். மந்தக் காலத்து ஜனங்கள் குளம் கொடுத்தார்கள். நடைபாதைக்குச் செங்கல் அடுக்கியவர்களில் பலர் இன்று இல்லை. அதில் நாம் நடக்கிறோம். இந்த ஊருக்கு நாம் என்ன கொடுத்தோம்? நல்ல மதிப்பெண், நல்ல கம்பெனிகள், நல்ல வரி கொடுத்தோம். கோவில் கட்டினோம், சங்கம் வளர்த்தோம். அது நமக்காகச் செய்துகொண்டது. எல்லோருக்குமாக என்ன செய்தோம் என்ற பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளலாம்.

செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிற நம் தோழிகள் உண்டு. உணவு வங்கியில் சனிக்கிழமை தோறும் மூட்டை பிரிக்கிற நண்பர்கள் உண்டு. நகரசபைக் கூட்டத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்போது மூன்று நிமிஷம் பேசிவிட்டு வருகிறவர்களும் இரண்டொருவர் உண்டு. இவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த மலரைப் படிக்கிற நண்பர்கள் எந்தெந்த ஊரிலோ வேரூன்றியிருப்பீர்கள். பென்ஷன் வாங்கும் வயது நம்மில் பலருக்கு வந்துவிட்டது. இனி நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் ஊரின் நூலகத்துக்கு ஒரு நாள் போய், அந்த ஊரின் பழைய கதையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் யார், அவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு, அவர்கள் யாராக இருந்தாலும் சரி, ஒரு தூக்குப் பாத்திரத்தில் ஏதாவது எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள்.

நேப்பர்வில் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் அவசியம் வாருங்கள். ஆற்றங்கரையில் ஒரு நடை போய்விட்டு வந்து சூடாக ஃபில்டர் காப்பி சாப்பிடலாம்.